கண்ணை மூடாதீங்க

அம்மாவுக்கு முதல் தடவை வந்தது ஒரு மார்கழி விடியலில். வாசல் தெளிக்க நாலே முக்காலுக்கு எழுந்திருப்பவர். அன்றைக்கு அலாரத்தை அணைக்க இடது பக்கம் புரண்டு கை நீட்டியிருக்கிறார். மின்விசிறி ஓடவில்லை, ஆனால் உத்தரம் சுற்றியது, சுவர் சுற்றியது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம், கீழே தள்ளிவிடும் என்று. அரை நிமிஷத்தில் நின்றுவிட்டது. சரி என்று எழுந்து உட்கார்ந்தார், திரும்பவும் சுற்றல். பிறகு வாந்தி. எனக்கு ஃபோன் வந்தபோது மணி ஐந்தரை. "எனக்கு பக்கவாதம் வந்துருச்சுன்னு நினைக்கிறேன்டீ. ஆனா பேச்சு நல்லாத்தான் வருது."

நான் சென்னையில் இருக்கிறேன், அம்மா கும்பகோணத்தில். அதற்கடுத்த ஏழு மாதம் அந்தச் சுற்றலுக்கு எத்தனை பெயர் வந்தது என்று எண்ணினால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. முதல் நாள் அது பிரஷர். ஆஸ்பத்திரியில் அளந்தபோது 160 இருந்தது (அந்த நிலைமையில் யாருக்குத்தான் ஏறாது?), ஒரு டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். பெரியம்மா அதைப் பித்தம் என்றார்; சுக்கும் கொத்தமல்லியும் அரைத்து வந்தது. மூன்றாவது வாரம் இன்னொரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, "கழுத்தெலும்பு தேய்ஞ்சிருக்கு" என்றார். அறுபத்தேழு வயதில் கழுத்தெலும்பு தேயாதவர்கள் யாராவது இருந்தால் எனக்கும் பார்க்க ஆசை. கழுத்துப் பட்டை வந்தது. அதைக் கட்டிக்கொண்டு அம்மா குனிய முடியாமல், கோலத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்தார். அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதற்கும் சேர்த்து மாத்திரை எழுதினார்கள், காலை மதியம் இரவு.

அந்த மாத்திரைகளில் ஒன்று ஆளையே தூக்கத்தில் போட்டது. மதியம் பன்னிரண்டுக்கு அம்மா கொட்டாவி விட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த மாதங்களில் ஃபோனில் பேசும்போதே குரல் இழுக்கும். ஆடி மாதம் ஒரு சாயங்காலம் நிலைப்படியில் கால் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

ஒருவகையில் அந்த மணிக்கட்டுதான் அம்மாவைக் காப்பாற்றியது. மாவுக்கட்டு போட்ட எலும்பு டாக்டர், எப்படி விழுந்தீர்கள், எத்தனை நாளாகத் தலைசுற்றல் என்று கேட்டுவிட்டு, ஒரு காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குக் கோபம். "காது நல்லாத்தானே கேக்குது, காது டாக்டர்கிட்ட எதுக்கு?"

மாடியில் இருந்த சின்ன கிளினிக். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நான் ஸ்கேன் ஃபைலை எடுத்து நீட்டினேன், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாரே தவிர திறக்கவில்லை. அம்மாவிடம் கேட்டது இரண்டே கேள்விகள். "நடக்கும்போது வருதா, படுக்கையில திரும்பும்போது வருதா?" "ஒரு தடவை வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?" அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள் பரிசோதனைக் கட்டிலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார். தலையை இடது பக்கம் பாதி திருப்பினார். "இப்போ வேகமா படுக்க வைப்பேன். சுத்தும். பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன். என்ன ஆனாலும் கண்ணை மூடாதீங்க."

படுக்க வைத்தார். தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டி லேசாகத் தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி, ஒன்றுமில்லை. பிறகு அம்மாவின் கண்கள் சுழல ஆரம்பித்தன. அந்தக் காட்சியை நான் மறக்கப்போவதில்லை. கருவிழி இரண்டும் பம்பரம் மாதிரி ஒரு பக்கமாகத் திருகித் திருகித் துள்ளின. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார். டாக்டரம்மா அமைதியாகக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது விநாடியில் கண்கள் தானாக ஓய்ந்தன. "இடது காது, பின்பக்கக் குழாய்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார், ஏதோ பஸ் நம்பர் சொல்வதுபோல.

அதன்பின் தலையைக் கையில் ஏந்தியபடியே மெதுவாக வலது பக்கம் திருப்பினார். காத்திருந்தார். உடம்பையும் வலது பக்கமாகச் சாய்க்கச் சொல்லி மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்தார். காத்திருந்தார். எழுப்பி உட்கார வைத்தார். மொத்தம் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னொரு தடவை படுக்க வைத்துப் பார்த்தபோது கண்கள் அசையவே இல்லை.

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா. அந்தக் குரலில் நன்றியைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. ஏழு மாதம்!

*

நோயின் பெயர் பிபிபிவி. முழுப்பெயர் பினைன் பராக்ஸிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ. உயிருக்கு ஆபத்தில்லாத, திடீரென்று வந்து போகிற, தலை இருக்கும் நிலை மாறினால் வருகிற சுற்றல். நோயின் மொத்தக் கதையும் அந்த நாலு சொல்லில் இருக்கிறது, ஆனால் யாரும் அவிழ்த்துச் சொல்வதில்லை.

நம் உட்காதில் கேட்கும் வேலை பாதிதான். மீதி பாதி, தலை எந்தப் பக்கம் போகிறது என்று மூளைக்குச் சொல்லும் வேலை. தலையின் சுழற்சியை அறிய ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அறையின் ஒரு மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திப்பதுபோல மூன்றும் மூன்று தளத்தில் நிற்கும். உள்ளே திரவம். குழாயின் ஒரு முனையில் ஜெல்லி போன்ற ஒரு தடுப்பு. தலை திரும்பினால் திரவம் பின்தங்கித் தடுப்பைத் தள்ளும். மூளைக்குத் தகவல் போகும், கண்களும் அதற்கேற்ப நகரும்.

குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு பை இருக்கிறது. அதில் ஒரு மெத்தை, மெத்தையின் மேல் நுண்ணிய கற்கள். கால்சியம் கார்பனேட், அதாவது முட்டை ஓட்டில் இருக்கும் அதே பொருள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தலை சாய்ந்திருக்கிறதா, பஸ் கிளம்பிவிட்டதா என்றெல்லாம் நமக்குத் தெரிவது இந்தக் கற்களின் எடையால்தான். காதுக்குள் கல் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் நேராக நடக்கிறோம்.

வயதாகும்போதோ தலையில் அடிபட்டாலோ சில கற்கள் மெத்தையிலிருந்து கழன்றுவிடும். கழன்றால்கூடப் பரவாயில்லை. இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால்தான் வம்பு. பின்பக்கக் குழாய் தாழ்வாக இருப்பதால் பெரும்பாலும் அதில்தான் போய் விழும். அங்கே சும்மா கிடக்கும்வரை தொந்தரவில்லை. நாம் புரண்டு படுக்கும்போது கற்கள் குழாய்க்குள் சரியும், திரவத்தை இழுக்கும், தடுப்பு வளையும். தலை அசையாமல் இருக்கும்போதே மூளைக்கு "சுற்றுகிறோம்" என்று செய்தி போகிறது. கற்கள் அடியில் போய்ச் சேர்ந்ததும் நின்றுவிடுகிறது. அந்த மூன்று விநாடித் தாமதம் கல் சரியத் தொடங்க ஆகும் நேரம். அம்மாவுக்கு அரை நிமிஷத்தில் நின்றதும் இதனால்தான்.

பரணில் இருந்து அண்டா எடுக்க அண்ணாந்தால், கொடியில் துணி போட்டால், கோபுரம் பார்த்தால், பார்லரில் தலை அலசப் பின்னால் சாய்ந்தால் வரும். நேராக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கும்போது வராது.

*

நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிக்கலா, செல்வமா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. தலைசுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம், தள்ளாட்டம், கண் இருட்டிக்கொண்டு வருவது, தலை பாரம், "ஒரு மாதிரியா இருக்கு". இதில் மயக்கம் என்ற ஒரு சொல்லே பத்து வேலை பார்க்கிறது. விழுந்து நினைவு தப்பினாலும் மயக்கம், பசியில் சோர்ந்தாலும் மயக்கம், ஆபரேஷனுக்குக் கொடுப்பதும் மயக்கம். அம்மா முதல் ஆஸ்பத்திரியில் சொன்னது "மயக்கமா வருது டாக்டர்". அந்த ஒரு சொல்லைக் கேட்டவுடன் பிரஷர் கருவியை எடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஆனால் இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லையாம். பல பத்தாண்டுகளாக மருத்துவக் கல்லூரிகளில், தலைசுற்றல் என்று வந்தவரிடம் முதலில் "எப்படி இருக்கிறது, சுற்றுகிறதா, மயங்குகிறதா, தள்ளாடுகிறதா?" என்று கேட்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பதிலை வைத்து நோயைப் பிரிப்பார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் நியூமன்-டோக்கர் குழுவினர் 2007-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, சில நிமிஷம் கழித்து அதையே மறுபடி கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் வேறு பதில் சொன்னார்கள். பத்து நிமிஷத்துக்குள் "சுற்றல்" "மயக்கம்" ஆகிவிட்டது. மாறாமல் இருந்தது எது என்றால், எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்பவைதான்.

அதைப் படித்தபோது எனக்கு டாக்டரம்மாவின் அந்த இரண்டு கேள்விகள் ஞாபகம் வந்தன. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

*

இவ்வளவு எளிமையான ஒன்றைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு எத்தனை காலம் ஆனது என்பது தனிக்கதை. ராபர்ட் பாரனி என்று வியன்னாவில் ஒரு காது மருத்துவர். நோயாளியின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, தண்ணீர் சில்லென்று இருந்தாலும் சூடாக இருந்தாலும் தலை சுற்றுகிறது, கண் ஆடுகிறது என்று கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு போய் உட்காதைச் சோதிக்கும் முறையையே உருவாக்கினார். 1914-க்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது முதல் உலகப்போரில் ரஷ்யாவின் போர்க்கைதியாக முகாமில் இருந்தார். ஸ்வீடன் இளவரசர் தலையிட்டு விடுதலையாகி, பிறகு உப்சாலாவில் குடியேறினார். படுத்துத் தலையைத் திருப்பினால் கண் ஆடும் ஓர் இளம்பெண்ணைப் பற்றி 1921-இல் எழுதியது அவர்தான்.

1952-இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் அப்படிப்பட்ட நூறு பேரைப் பார்த்து, உட்கார வைத்து வேகமாகப் படுக்க வைக்கும் சோதனையை முறைப்படுத்தினார்கள். என் அம்மாவுக்குச் செய்தது அதேதான், ஒரு கருவி கூடச் சேரவில்லை. டிக்ஸ் அறுவை சிகிச்சை மருத்துவராகப் பயின்றவர். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் முகத்திலும் கண்ணிலும் அடிபட்டதால் அந்தத் துறையை விட வேண்டிவந்தது. கண் அடிபட்டவர் பிறர் கண்ணைப் பார்த்து நோய் சொல்லும் வழியைத் தந்திருக்கிறார்.

பாஸ்டனில் ஹரால்ட் ஷுக்னெக்ட், இறந்துபோன நோயாளிகளின் காதெலும்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பின்பக்கக் குழாயின் தடுப்பில் படிவு ஒட்டியிருப்பதை 1960-களில் காட்டினார். கல்தான் காரணம் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பட்டது. ஆனால் கல் என்று தெரிந்தும் என்ன செய்தார்கள் தெரியுமா? வேதனை தாளாதவர்களுக்கு அந்தக் குழாயிலிருந்து போகும் நரம்பை வெட்டினார்கள். குழாயையே அடைத்தார்கள். வீட்டுக்குள் புகுந்த எலிக்காகக் கதவைச் சுவர் வைத்து மூடுவது மாதிரி.

கல்லை வந்த வழியே வெளியே உருட்டிவிட்டால் என்ன என்று யோசித்தவர் ஜான் எப்லி. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தனியாக கிளினிக் நடத்தியவர். திருவிழாக் கடைகளில் ஒரு பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் விற்பார்களே, கண்ணாடி மூடிக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள், டப்பாவைச் சாய்த்துச் சாய்த்து அதை நடுக்குழியில் விழவைக்க வேண்டும். எப்லி செய்தது அதைத்தான், டப்பாவுக்குப் பதில் மனிதத் தலை. எந்தக் கோணத்தில் எவ்வளவு நேரம் வைத்தால் கல் எங்கே உருளும் என்று கணக்குப் போட்டு, படிப்படியாகத் தலையைத் திருப்பினார். போதாததற்குக் காதுக்குப் பின்னால் ஓர் அதிர்வுக் கருவியையும் வைத்தார், கல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

1980-இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் மாநாட்டில் அவர் இதைச் செய்து காட்டியபோது சிலர் எழுந்து வெளியே போனார்கள். மந்திரவாதி மாதிரித் தலையைத் திருப்பி நோயைக் குணப்படுத்துகிறேன் என்று ஒருவர் சொன்னால், நானும் ஒருவேளை எழுந்துதான் போயிருப்பேன். கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பின. 1992-இல்தான் அது அச்சேறியது. அதே ஆண்டு கனடாவில் பார்ன்ஸும் மெக்ளூரும், அறுவை சிகிச்சைக்காகத் திறந்த குழாய்க்குள் துகள்கள் மிதப்பதைக் கண்ணால் பார்த்ததைப் பதிவு செய்தார்கள். எப்லி மனதில் உருட்டிப் பார்த்த கல் உண்மையாகவே அங்கே இருந்தது. அவர் 2019-இல் காலமானார். இன்று உலகம் முழுக்க அந்தத் திருப்பலுக்கு எப்லி என்றே பெயர்.

2014-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 11 ஆய்வுகளை, 745 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. எப்லி செய்யாதவர்களிலும் 21% பேருக்குச் சுற்றல் முழுவதும் போயிருந்தது, ஏனென்றால் கல் சில சமயம் தானாகவும் வெளியே வந்துவிடும். செய்தவர்களில் 56%. என் அம்மாவுக்கு முதல் தடவையே சரியானது எல்லோருக்கும் நடக்கும் என்று நினைக்க வேண்டாம், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரலாம்.

*

சமீபத்திய ஆய்வுகளுக்கு வருகிறேன். இதையெல்லாம் நான் தேடிப் படித்ததே அம்மாவுக்குத் திரும்ப வந்த பிறகுதான். ஆம், திரும்ப வந்தது, பத்து மாதம் கழித்து.

இரண்டாவது தடவை போனபோது டாக்டரம்மா எப்லி செய்துவிட்டு, வைட்டமின் டி பரிசோதனைக்கு எழுதினார். 13 என்று வந்தது. 20-க்குக் கீழே இருந்தால் குறைபாடு. கும்பகோணத்து வெயிலில் வாழ்கிற மனுஷிக்கு வெயில் சத்துக் குறைவா என்று நான் வியந்தேன். அம்மா வாசலுக்கு வருவது விடிவதற்கு முன், அப்புறம் சூரியன் மறைந்த பின். நடுவில் அடுப்படி.

காதுக்கும் வைட்டமின் டிக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்தக் கற்களும் கால்சியம்தானே. தென்கொரியாவில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் நியூராலஜி இதழில் வந்தது. பிபிபிவி சரியாகிப் போனவர்கள் 957 பேர். ஒரு குழுவில் வைட்டமின் டி அளந்து, 20-க்குக் குறைவாக இருந்தவர்களுக்கு தினம் இரண்டு வேளை வைட்டமின் டியும் கால்சியமும் ஓராண்டு கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் தரவில்லை. மருந்து தந்த குழுவில் நோய் திரும்புவது 24% குறைந்தது. கவனிக்க, மறு குழுவுக்குப் போலி மாத்திரை கூடத் தரவில்லை, அதனால் நூற்றுக்கு நூறு உறுதியான ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதுவும் எடுக்காத அந்தக் குழுவில் ஏறக்குறைய 47% பேருக்கு ஓராண்டுக்குள் திரும்ப வந்திருக்கிறது. "ஒரு தடவை திருப்பினால் முடிந்தது" என்று நான் நினைத்திருந்தது தப்பு என்று அந்த எண்தான் எனக்குச் சொன்னது. அம்மாவின் மணிக்கட்டு ஒரு சாதாரணச் சறுக்கலில் உடைந்ததும், காதுக்கல் கழன்றதும் வேறு வேறு கதைகளா என்றும் அன்றிலிருந்து யோசிக்கிறேன். டாக்டரம்மா எலும்பு அடர்த்திக்கும் ஒரு பரிசோதனை எழுதினார். அம்மாவின் எலும்பு மெலிந்திருந்தது.

ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம் மூன்று நாடுகளிலும் சேர்ந்து நடந்த இன்னோர் ஆய்வு 2023-இல் வெளியானது. எப்லிக்குப் போட்டியாகப் பிரான்சிலிருந்து செமாண்ட் என்று ஒரு முறை 1980-களிலேயே உண்டு. அதில் ஆளை ஒரு பக்கம் சட்டென்று சாய்த்து, பிறகு ஒரே வீச்சில் மறுபக்கம் சாய்ப்பார்கள். மியூனிக் நகரின் மைக்கேல் ஸ்ட்ரூப் குழுவினர் அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். முதல் சாய்ப்பில் தலையை வழக்கத்தைவிடக் கீழே, கிடைமட்டத்துக்குக் கீழே 60 டிகிரிக்குக் குறையாமல் தொங்கவிடுவது. அப்போது கல் குழாயின் வளைவை நன்றாகத் தாண்டிவிடும். 195 நோயாளிகள். முதல் தடவை மருத்துவர் செய்வார், பிறகு வீட்டில் தாங்களே தினம் ஒன்பது தடவை. புதிய முறையில் சராசரி 2 நாளில் சுற்றல் நின்றது, எப்லியில் 3.3 நாளில். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும், சுற்றாதவர்களுக்கு.

எனக்குப் பிடித்தது கொலராடோவின் கேரல் ஃபாஸ்டர் 2012-இல் எழுதியது. அவர் காது மருத்துவர், அவருக்கே இந்த நோய். தனியாக இருக்கும்போது வந்தால் தலையைப் பிடிக்க ஆள் வேண்டாத ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மண்டியிட்டு, உச்சந்தலையைத் தரையில் வைத்து, குட்டிக்கரணம் போடப்போகிறவர் பாதியில் நின்றதுபோல. நமஸ்காரத்துக்கும் குட்டிக்கரணத்துக்கும் நடுவில் ஒரு நிலை. அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "முட்டி வலிக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

பின்பக்கக் குழாயில் இல்லாமல் பக்கவாட்டுக் குழாயில் கல் மாட்டினால் வேறு வைத்தியம். ஆளைப் படுக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே திசையில் முழுசாக உருட்ட வேண்டும். அமெரிக்கர்கள் அதற்கு பார்பெக்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கம்பியில் கறி சுடுவது மாதிரி. இதனால்தான் எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் வீடியோ பார்த்துத் தானே செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. தப்பான பக்கம் செய்தால் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். சில சமயம் வேறு குழாய்க்கும் போகும். முதல் தடவை ஒருவர் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். கழுத்திலோ முதுகிலோ கோளாறு இருப்பவர்கள் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

*

அம்மா பயந்தது பக்கவாதத்துக்கு. அது அசட்டுப் பயம் இல்லை. மூளையின் பின்பகுதியில் ரத்தம் அடைத்தாலும் தலை சுற்றும். ஆனால் அந்தச் சுற்றல் அரை நிமிஷத்தில் நிற்காது. அசையாமல் படுத்திருந்தாலும் மணிக்கணக்கில் நீடிக்கும். கூடவே பேச்சு குழறுவது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, ஒரு கை மரத்துப்போவது, நிற்கவே முடியாமல் போவது என்று ஏதாவது இருந்தால் காது டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதிலும் கண்தான் சாட்சி. 2009-இல் ஜார்ஜ் கட்டாவும் முன்பு சொன்ன நியூமன்-டோக்கரும், விடாமல் சுற்றும் 101 நோயாளிகளிடம் மூன்றே கண் பரிசோதனைகளைச் செய்து, பக்கவாதமா காது நரம்புக் கோளாறா என்று பிரித்தார்கள். கருவி எதுவும் இல்லை. ஆரம்ப மணிநேரங்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. சிலரிடம் பக்கவாதத்தைத் தவறவிட்டது, கண் பரிசோதனை தவறவிடவில்லை. அதைச் செய்தவர் அதற்கென்றே பயின்ற நிபுணர் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லார் கையிலும் அதே துல்லியம் வராது. அமெரிக்க அவசர மருத்துவர்களின் அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில், அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு இதில் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று சொல்லியிருப்பது அதனால்தான்.

பிபிபிவிக்கு ஸ்கேன் வழக்கமாகத் தேவையில்லை, தலைசுற்றலை அமுக்கும் மாத்திரைகளையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2017-இலேயே எழுதிவிட்டது. கல்லை மாத்திரை எப்படி நகர்த்தும்? தூக்கத்தைக் கொடுக்கும், நிதானத்தைக் கெடுக்கும். எப்லி செய்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், குனியக் கூடாது என்றெல்லாம் சொல்வதும் தேவையில்லை என்கிறது அதே வழிகாட்டி. (அம்மாவின் தோழி ஒருவர் இன்னும் மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார்.)

கோபம் எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த முதல் ஆஸ்பத்திரியின் கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு டாக்டர், வெளியே நாற்பது பேர், பரிசோதனைக் கட்டிலின் மேல் ஃபைல் அடுக்கி வைத்திருந்தார்கள். படுக்க வைத்து, காத்திருந்து, திருப்பி, காத்திருந்து, வாந்தி எடுத்தால் துடைத்து, எல்லாம் செய்ய ஐந்து நிமிஷம். சீட்டில் மாத்திரை எழுதப் பத்து விநாடி. நாமும்தான், மாத்திரை எழுதாத டாக்டரைக் கைராசியில்லாதவர் என்கிறோம். தலையை மட்டும் திருப்பிவிட்டு அனுப்பியதற்கு அம்மாவே அன்றைக்குப் படி இறங்கும்போது, "ஒரு ஊசிகூடப் போடலையே" என்றார்.

ஹூஸ்டனில் ஒரு முதியோர் கிளினிக்கில், வேறு வேறு காரணத்துக்காக வந்த 100 பேரைச் சோதித்தார்கள், 2000-ஆம் ஆண்டில். ஒன்பது பேருக்கு பிபிபிவி இருந்தது, அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஒன்பது பேரும் சமீபத்தில் விழுந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வயசானால் கொஞ்சம் தள்ளாடத்தானே செய்யும் என்று விட்டுவிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிகளில் எத்தனை பேர் "எனக்கு இடது பக்கம் படுத்தா ஆகாது" என்று சொல்லிக்கொண்டே முப்பது வருஷம் வலது பக்கம் படுத்துப் போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். என் அப்பாவழிப் பாட்டி ஒருவர் அப்படித்தான்.

*

அம்மாவுக்கு அதன்பின் ஒரு தடவை வந்தது, போன சித்திரையில். எனக்குச் சொன்னதே மறுநாள்தான். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி தலையணையைத் தோளுக்கு அடியில் வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கண்ணைப் பார்க்கச் சொல்லி, இடது பக்கம்தான் என்று உறுதிசெய்துகொண்டு, தானே எப்லி செய்திருக்கிறார். "அவ பயந்துட்டாடீ, கண்ணு இப்படிச் சுத்துதேன்னு. நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்."

இப்போது தெருவில் யார் மயக்கம் என்று சொன்னாலும் அம்மா விடுவதில்லை. போன வாரம் நான் ஊரில் இருந்தபோது எதிர்வீட்டு மாமி வந்து, ரெண்டு நாளாக் கிறுகிறுன்னு வருது என்றார். அம்மா கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்தார்.

"படுக்கையில திரும்பும்போதா, எழுந்து நிக்கும்போதா?"

"எழுந்து நிக்கும்போதுதான். கண்ணு இருட்டிண்டு வரது."

"படுத்துண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பினா?"

"ஒண்ணும் இல்லையே."

அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. "அப்போ அது நம்ம கேஸ் இல்ல மாமி. பிரஷர் மாத்திரை புதுசா மாத்தினாளா? எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு, குனிந்து விட்ட புள்ளியிலிருந்து கோலத்தைத் தொடர்ந்தார்.